மூன்றாவது பள்ளம்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

எறும்பு எழுதுவது. நானும் என் டீச்சர் மனைவியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன். ஃபோனில் பேசினால் பத்தாவது நிமிஷம் சண்டை வருகிறது, இனிமேல் கடிதம்தான் என்று அம்மா இறந்த வருஷம் நாம் போட்ட ஒப்பந்தத்தை நான் இன்னும் மீறவில்லை. இதைக் குறித்துக்கொள்.

வீடு மாற்றிவிட்டோம். நாலாவது மாடியிலிருந்து தரைத்தளத்துக்கு. டீச்சருக்குப் படி ஏற முடியவில்லை. ஊரிலுள்ள லிஃப்டையெல்லாம் ரிப்பேர் செய்கிறவன் வீட்டில் லிஃப்ட் இல்லை என்று கம்பெனியில் சிரிக்காத ஆள் கிடையாது. புது வீட்டில் ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்தின் கழிவுக் குழாய் தெரிகிறது. மற்றபடி வசதிதான்.

சாமான் கட்டும்போது பழைய பிஸ்கட் டப்பா ஒன்று அகப்பட்டது. உள்ளே என்ன தெரியுமா? குடைவாத்து! அப்பா வாங்கித் தந்த கையடக்க வீடியோ கேம். ஞாயிற்றுக்கிழமை காலை டிவியில் வருகிற கார்ட்டூனில் அந்த வாத்து எல்லாரையும் வாய் ஓயாமல் திட்டும். கேமில் மட்டும் ஊமை. ஓடும், குதிக்கும், குடையை விரித்துப் பறக்கும், பள்ளத்தில் விழும். பின்மூடிக்குப் பதில் நாம் மாட்டிய ரப்பர் பேண்டு உருகி ஒட்டிக்கிடந்தது. சுரண்டி எடுத்து, துருவைத் துடைத்து, நாலு பேட்டரி போட்டேன். உயிர் வந்துவிட்டது! நான் கத்திய கத்தில் டீச்சர் சமையலறையிலிருந்து ஓடி வந்தாள்.

அரைமணி நேரம் ஆடினேன். இரண்டாவது லெவலில், சாக்கடையில், என் வாத்தின் கதை முடிந்தது. உனக்கே அனுப்புகிறேன். ஐந்து லெவலையும் முடித்து, கடைசியில் வரும் நரியை விரட்டியவள் நீ ஒருத்திதானே.

ஆடும்போது அப்பா ஞாபகமாகவே இருந்தது. பஸ் டிப்போவிலிருந்து சீக்கிரமாக வந்து என்னை மடியில் வைத்துக்கொண்டு ஆடுவார். முதல் லெவலில் மூன்றாவது பள்ளம். தவறாமல் அதில் விழுவார். "அடடா, வாத்து குளிக்கப் போயிடுச்சுடா!" உடனே நான் பிடுங்கி அதைத் தாண்டிக் காட்டுவேன். எனக்காக வேண்டுமென்றே தோற்றார் என்பது பெரியவனான பிறகுதான் புரிந்தது. ஆறு வயசுப் பையனிடம் தினமும் தோற்கிற அப்பாக்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அவரைப் பற்றி என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். நீ பெரியவள், உன்னிடம் நிறைய இருக்கும்.

எதுவரை போனாய் என்று எழுது. பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவேன்.

உன் அன்புத் தம்பி,
எறும்பு

*

பிப்ரவரி 2

அன்புள்ள எறும்புக்கு,

பார்சல் உடையாமல் வந்து சேர்ந்தது. எனக்குச் சளி இல்லை, காய்ச்சல் இல்லை. டீச்சருக்குப் படி ஏற முடியவில்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு லிஃப்டுக்குப் போய்விட்டாயே, என்ன உடம்புக்கு? முட்டி வலியா? முப்பது வயசில் முட்டி வலித்தால் அலட்சியமாக விடக் கூடாது. நல்ல டாக்டராகப் பார்.

போன ஞாயிறு மதியம் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆடினேன். அந்தத் திரையில் வெளிச்சமே கிடையாது என்பது மறந்துபோயிருந்தது. வெயில் நகர நகர நானும் நாற்காலியை நகர்த்தினேன். கூரைகளைத் தாண்டி, சாக்கடையைத் தாண்டி, மூன்றாவது லெவலில் மணிக்கூண்டு வரை போனேன். பல்சக்கரங்கள் சுற்றுமே, அங்கேதான் உயிர் போயிற்று. ஏழு தடவை போயிற்று.

கடையில் வேலைக்குக் குறைவில்லை. மூக்குக்கண்ணாடி ஃபிரேமுக்கு லென்ஸ் பொருத்துகிற மேஜை இன்னும் என்னுடையதுதான். சென்ற வாரம் ஒரு திருகாணி கை நழுவிவிட்டது. எள்ளில் பாதி இருக்கும். தரையில் மண்டிபோட்டு நானும் சோடாபுட்டி அக்காவும் அரைமணி நேரம் தேடினோம். கவுன்டரில் இருக்கிறவள்தான். கண்ணாடிக் கடையில் உட்கார்ந்துகொண்டு அவ்வளவு தடிக் கண்ணாடி போட்டிருப்பவளை வேறு எப்படிக் கூப்பிடுவது? கடைசியில் அவள் செருப்புக்கு அடியில் இருந்தது. முதலாளி பார்த்தும் பார்க்காத மாதிரி உள்ளே போய்விட்டார்.

எழுத்து கோணலாக இருந்தால் பேனாவைத் திட்டு.

அப்பாவைப் பற்றி நீ எழுதியிருந்ததைப் படித்தேன்.

டீச்சரை விசாரித்ததாகச் சொல்.

அக்கா

*

பிப்ரவரி 3
(தபாலில் சேர்க்காதது)

எறும்பு,

நேற்றைய கடிதத்தில் அப்பாவைப் பற்றி ஒரு வரிதான் எழுத முடிந்தது. மீதியை இதில் எழுதிப் பார்க்கிறேன். அனுப்பத் தைரியம் வந்தால் அனுப்புவேன்.

அப்பா வேண்டுமென்றே தோற்கவில்லையடா.

அந்தக் கேமை வாங்கி வந்த மாதமே ஐந்து லெவலையும் முடித்தவர் அவர். எனக்குக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். உனக்கு அப்போது மூன்று வயசு. அதற்குப் பிறகு அவர் கை அவர் பேச்சைக் கேட்காமல் போயிற்று. பஸ் ஓட்ட வேண்டாம் என்று டிப்போவில் உட்காரவைத்தார்கள். நாம் அதைப் பதவி உயர்வு என்று பக்கத்து வீடுகளில் பீற்றிக்கொண்டோம். மாடிப்படியில் கால் இடறி விழுந்து இறந்தார் என்று அம்மா சொன்னது பொய்யில்லை. ஏன் இடறியது என்பதை மட்டும் சொல்லவில்லை.

அவள் போவதற்கு முந்தின வாரம் என்னிடம் சொன்னாள். மூளை நரம்புகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்கிற நோய். முதலில் கை, பிறகு கால், பிறகு பேச்சு, கடைசியில் புத்தி. பெற்றவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எனக்கு வந்த வரன்களையெல்லாம் மூக்கு சரியில்லை, வேலை சரியில்லை என்று தட்டிக்கழித்தது இதனால்தானாம். அதற்காக அவளை என்னென்ன பேசியிருக்கிறேன்! நீ அங்கேயே ஒருத்தியைப் பார்த்து மணந்துகொண்டபோது கல்யாணம் முடிகிற வரை அழுதாளே, ஆனந்தக் கண்ணீர் என்று நீ கேலி செய்தாயே, அதுவும் இதற்குத்தான். "தம்பிகிட்ட மட்டும் சொல்லிடாதடி. அவனாவது நிம்மதியா இருக்கட்டும்." தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அவள் போன மறுமாதம் ரத்தம் கொடுத்துப் பார்த்தேன். எனக்கு இருக்கிறது.

இப்போது வலது கட்டைவிரலில் ஆரம்பித்திருக்கிறது. டாக்டர் விரலைத் தட்டச் சொல்லிப் பார்க்கிறார், கோடு போடச் சொல்கிறார், ஏதோ எழுதிக்கொள்கிறார். எனக்கு அதில் ஒன்றும் புரிவதில்லை. ஆனால் அந்த வாத்துக்கு என் கட்டைவிரலைச் சின்ன வயசிலிருந்தே தெரியும். ஐந்து லெவலை முடித்த கைக்கு மணிக்கூண்டைத் தாண்ட முடியவில்லை என்றால் எனக்குப் புரிந்துவிடுகிறது.

உனக்கு இருக்கிறதா, இல்லையா, தெரியாது. நீ தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளை பெற்றுக்கொள்வதற்கு முன்னாலாவது தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் சொன்னால் உன்னிடம் இருக்கிற ஒரே அப்பாவையும் பிடுங்கிக்கொண்டவள் ஆவேன். நான் என்ன செய்யட்டும்?

*

மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உன் சளியில்லாத, காய்ச்சலில்லாத உடம்பு அப்படியே இருக்கட்டும். ஆமாம், நீ சொன்னது சரி, முட்டிதான். டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கிறார். கவலைப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவது லெவலா? சொல்ல வெட்கமாக இல்லை? எங்கள் பள்ளிக்கூட மைதானத்தில் "எங்க அக்கா நரியையே அடிச்சிருக்கா, தெரியுமா?" என்று நான் எத்தனை பேரை மிரட்டியிருக்கிறேன். அந்த மானமெல்லாம் கப்பல் ஏறிவிட்டது. தினமும் அரைமணி பயிற்சி செய்.

போன வாரம் ஒரு பழைய கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்டது யார் தெரியுமா? ஒரு பல் டாக்டரும், அவர் நாற்காலியிலிருந்து தப்பித்து ஓடிவந்த நோயாளியும். நாற்பது நிமிஷம். நான் கதவை நெம்பித் திறந்தபோது அந்த ஆள் வாயைக் கையால் பொத்திக்கொண்டு மூலையில் நின்றான். டாக்டர் எனக்கு நன்றி சொன்னார். அவன் என் காலிலேயே விழப் பார்த்தான்.

கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் அப்பா கதையைச் சொன்னேன். எங்கள் ஃபோர்மேன் கல்லுளிமங்கன். அவரே சாப்பிடுவதை நிறுத்திவிட்டு, "பெரிய மனுஷன்டா உங்கப்பா" என்றார். எனக்கும் ஒரு நாள் அப்படி யாரிடமாவது தினமும் தோற்க வேண்டும் என்று இருக்கிறது. சும்மா சொன்னேன்.

அவரைப் பற்றி ஏதாவது எழுது என்றால் "படித்தேன்" என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டாய். தந்தியா அடிக்கிறாய்?

எறும்பு

*

ஏப்ரல் 16

அன்புள்ள எறும்புக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. சோம்பல்தான், வேறொன்றுமில்லை. நீயும் டீச்சரும் நன்றாக இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

நீ கேட்ட கணக்கு: முதல் லெவல், மூன்றாவது பள்ளம். அதற்கு மேல் போக முடியவில்லை. இரண்டு தடவை அழுத்தி, இரண்டாவதை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும், குடை விரியும். பிடிக்க நினைக்கும்போது விரல் ஏற்கெனவே விட்டுவிட்டிருக்கிறது. இனிமேல் ஆடப்போவதில்லை.

கடையில் என்னை மேஜையிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஒருவர் வெளியூரிலிருந்து வரவழைத்த லென்ஸ், என் கையில் விளிம்பு உடைந்தது. அதற்கு முன்னால் இரண்டு உடைந்திருந்தது. முதலாளி கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம். இப்போது ஷோகேஸில் ஃபிரேம்களைத் துடைத்து அடுக்குகிறேன்.

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. பிள்ளை குட்டி என்று ஏதாவது யோசனை இருந்தால் கொஞ்சம் பொறு. அவசரம் வேண்டாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அக்கா

*

மே 8

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். பொறு, அவசரம் வேண்டாம், உன்னிடம் சொல்லிவிட்டுச் செய். அக்கா, இதென்ன லீவு லெட்டரா, மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்குவதற்கு? டீச்சரிடம் காட்டவில்லை. காட்டினால் அழுவாள்.

அவளுக்கு இது எட்டாவது மாதம். முட்டி வலி இல்லை. முன்னால் இரண்டு தடவை கலைந்ததே, இரண்டு தடவையும் உனக்குத்தான் முதலில் எழுதி அழுதேன். உன்னை மூன்றாவது தடவையும் அழவைக்க வேண்டாம், எல்லாம் உறுதியான பிறகு சொல்லலாம் என்று இருந்தேன். படியே ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்னதால்தான் வீடு மாற்றினோம். ஜூலை முதல் வாரம் என்கிறார்கள். நீ அத்தை ஆகப்போகிறாய். இதை நான் வேறு மாதிரி எழுத நினைத்திருந்தேன்.

லென்ஸ் உடைந்ததற்காக ஓய்ந்துபோகாதே. யார் கையிலும் உடையும்.

மூன்றாவது பள்ளக் கதையை மட்டும் நான் நம்பவில்லை. நீயும் அப்பா மாதிரி வேண்டுமென்றே விழுகிறாய். நான் ஜெயித்ததாக இருக்கட்டும் என்றுதானே? குடும்பப் பழக்கம்!

எறும்பு

*

ஜூன் 21

அன்புள்ள எறும்புக்கு,

டீச்சர் உடம்பு எப்படி இருக்கிறது? கால் வீக்கம் இருக்கிறதா? நன்றாகத் தூங்கச் சொல்.

இந்தக் கடிதத்தை எழுத ஆறு நாள் ஆயிற்று. எழுத்து பெரிதாக இருப்பதால் ஒரு தாளில் நாலு வரிதான் நிற்கிறது. பிறக்கட்டும், பிறகு சொல்லலாம் என்று மே மாதம் முழுக்க என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். பிறந்த பிறகு, கொஞ்சம் வளரட்டும் என்று தோன்றும். அம்மா அப்படித்தான் முப்பது வருஷம் போக்கினாள்.

பிப்ரவரியில் உனக்கு எழுதி அனுப்பாமல் வைத்த கடிதம் இத்துடன் இருக்கிறது. உட்கார்ந்து படி.

அதில் எழுதாத ஒன்றை டாக்டரிடம் கேட்டு எழுதுகிறேன். உனக்கு இல்லையென்றால் பிள்ளைக்கும் கிடையாது. அத்தோடு அறுந்துவிடும். ரத்தம் கொடுத்தால் தெரிந்துவிடும்.

ஜனவரியிலேயே நீ சொல்லியிருந்தாலும் தாமதம்தான். நான் இரண்டு வருஷம் முன்னால் சொல்லியிருக்க வேண்டும். நீ எவ்வளவு திட்டினாலும் தகும்.

அக்கா

*

ஜூலை 15

பெண் குழந்தை. இரண்டாம் தேதி பிறந்தது. மூன்று கிலோ.

உன் கடிதம் நாலாம் தேதி வந்தது. வாழ்த்து என்று நினைத்து ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே பிரித்தேன்.

இரண்டு வருஷம் உனக்குத் தெரியும். நாங்கள் ஒவ்வொரு தடவையும் டாக்டரிடம் ஓடியது தெரியும். அம்மாவுக்குச் செய்த சத்தியம் பெரிதாகப் போயிற்று, நானும் அவளும் உனக்கு ஒன்றுமில்லை. டீச்சரிடம் இதைச் சொன்னது நான். பத்து நாள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவள் கேட்டாள். அவள் முகத்தை நீ பார்க்கவில்லை.

குழந்தையைத் தூக்க எனக்குப் பயமாக இருக்கிறது. நழுவிவிடுமோ என்று என் கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். ஸ்க்ரூடிரைவர் கொஞ்சம் வழுக்கினால் வேர்த்துக்கொட்டுகிறது. அப்பாவை நினைத்தால், பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பொத்தானை அழுத்துகிற ஒரு நோயாளி தெரிகிறார். நான் மடியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

கொஞ்ச நாள் எனக்கு எழுதாதே.

*

செப்டம்பர் 28

அன்புள்ள எறும்புக்கு,

நீ, டீச்சர், பாப்பா மூன்று பேரும் நலமாக இருக்க வேண்டும். எழுதாதே என்று சொன்னாய், நான் எழுதவில்லை. சோடாபுட்டி அக்கா எழுதுகிறாள். நான் சொல்கிறேன், அவ்வளவுதான்.

(எழுதுபவள் குறிப்பு: என்னைக் கொண்டே இந்தப் பட்டப்பெயரை எழுதவைக்கிறாள், தம்பி. கேட்க ஆளில்லை.)

ஆகஸ்ட்டோடு கடை வேலை முடிந்தது. முதலாளி வாசல் வரை வந்து வழியனுப்பினார். வீடு கடையிலிருந்து மூன்றாவது தெருதான் என்பதால் இவள் சாயங்காலம் கடை மூடியதும் வந்துவிடுகிறாள். சட்டைக்குப் பொத்தான் மாட்டுவதுதான் சிரமம். கோப்பை உடைகிறது என்று எல்லாவற்றையும் பிளாஸ்டிக்காக மாற்றிவிட்டோம். பேச்சு லேசாகக் குழறுகிறது. இவளுக்குப் புரிகிறது.

அலமாரியில் கிடந்த குடைவாத்தை இவள்தான் எடுத்தாள். இப்போது இவள் ஆடுகிறாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து "குதி, குதி, இப்போ பிடி!" என்று கத்துகிறேன். இவளுக்குக் கண்ணும் தெரியாது, கையும் வராது, ஆனால் விடுவதில்லை. நேற்று சாக்கடைக்குள் நுழைந்துவிட்டோம்.

ஒன்று சொல்ல வேண்டும். நான் விழ ஆரம்பித்ததும் அந்தக் கேமை அலமாரியில் போட்டுவிட்டேன். தொடவே பிடிக்கவில்லை. அப்பாவுக்கும் விழுவோம் என்று தெரியும். தெரிந்தும் தினமும் அதை எடுத்தார், உன்னை மடியில் வைத்துக்கொண்டு. எனக்கு அந்த மனசு வரவில்லை. இதைச் சொன்னால் உன் கோபம் குறையும் என்று சொல்லவில்லை.

பாப்பாவுக்கு என் முத்தம். பதில் வேண்டாம், மனசு வந்தால் எழுது.

அக்கா

(தம்பி, சொல்லக் கூடாது என்றாள், சொல்கிறேன். தினமும் தபால்காரர் வருகிற நேரத்தில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள்.)

*

நவம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சௌக்கியம். உன்னை இவ்வளவு நாள் காக்கவைத்ததற்கு என்னை எதால் அடித்தாலும் தகும். ஜூலையில் எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடு. எழுதிக் கொடுத்தவருக்கு என் வணக்கம் சொல். பட்டப்பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டாம்.

பாப்பாவைப் பற்றி எழுதுகிறேன். தலையில் முடி நிறைய, ஆனால் பின்பக்கம் மட்டும் வழுக்கை, படுத்தே தேய்த்துவிட்டாள். தும்மினால் தானே பயந்து அழுகிறாள். நான் வேலைக்குக் கிளம்பினால் என் ஸ்பானரைப் பார்த்துச் சிரிக்கிறாள், என்னைப் பார்த்து இல்லை. டீச்சர் அவளிடம் இப்போதே கணக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். ஒரு மூக்கு, இரண்டு காது என்று. கவிழ்ந்து படுக்கத் தெரிந்துவிட்டது, திரும்பத் தெரியவில்லை. அதனால் கவிழ்ந்ததும் கூச்சல். மூக்கு நம் அம்மா மூக்கு, கோபம் உன்னுடையது.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. ஆறு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்டையே மாற்றுகிறோம். ஃபோர்மேனுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டதால் அவர் வேலையும் என் தலையில். கழிவுக் குழாயைச் சரிசெய்துவிட்டார்கள். ஜன்னலைத் திறக்கலாம்.

இங்கே வந்துவிடு அக்கா. கீழ்த்தளம்தான், படி இல்லை. டீச்சர்தான் முதலில் கேட்டாள். உனக்கென்று ஒரு அறையைக் காலி செய்துவிட்டாள். ஜன்னல் தெருப்பக்கம்.

ஆகஸ்ட்டில் ரத்தம் கொடுத்தேன். முடிவு வர நாளாகுமாம். வந்ததும் எழுதுகிறேன்.

பாப்பாவுக்கு நேற்று நகம் வெட்டினோம். இரண்டு பேரும் சேர்ந்து பிடித்தும் ஒரு மணி நேரம் ஆயிற்று. இன்னும் நிறைய இருக்கிறது, தாள் தீர்ந்துவிட்டது.

எறும்பு

*

டிசம்பர் 6

அன்புள்ள எறும்புக்கு,

பாப்பாவின் வழுக்கை, தும்மல், நகம் எல்லாவற்றையும் இவளை மூன்று தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். டீச்சர் கை வலிக்காமல் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளட்டும், ராத்திரி அழுதால் நீ எழுந்திரு. நான் இருக்கிறபடி இருக்கிறேன். போன மாதத்துக்கு இந்த மாதம் நடை கொஞ்சம் குறைவு. அங்கே வருவதைப் பற்றி டாக்டரிடம் கேட்டிருக்கிறேன்.

உன் கடிதத்தில் நாலு பக்கம் சந்தோஷம், ஒரு வரி ரத்தம். எனக்கு முடிவு வர ஐந்து வாரம் ஆயிற்று. உனக்கு நவம்பர் வரை வரவில்லை என்றால் அதை நம்ப நான் பச்சைக் குழந்தையா?

கெட்ட சேதியை நீ என்னிடம் சொல்லாமல் ஒரு மணி நேரம் வைத்திருந்தது கிடையாது. முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாலும் என்னிடம்தான் ஓடி வருவாய். பிள்ளை கலைந்தபோதும் அப்படித்தான். நீ மறைப்பது நல்ல சேதியை மட்டும்தான். நான் பள்ளி இறுதிப் பரீட்சையில் தவறின வருஷம் நீ வகுப்பில் முதலாவதாக வந்தாய். அந்த ரிப்போர்ட் கார்டை மூன்று நாள் மெத்தைக்கு அடியில் வைத்திருந்தாய். அம்மா மெத்தையை உதறும்போதுதான் எனக்குத் தெரிந்தது. நீ முதலாவதாக வந்ததைவிட, நீ மறைத்ததுதான் எனக்கு வலித்தது.

உனக்கு இல்லை. எனக்குத் தெரிந்துவிட்டது.

நான் பொறாமைப்படுவேன் என்று பயந்தாயா? படுவேன். இப்போதே படுகிறேன். இந்த வரியை எழுதவைக்க அரைமணி நேரம் ஆயிற்று, இவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருக்கிறாள். எனக்கு மட்டும் ஏன் என்று இன்று முழுக்கக் கேட்பேன். நாளைக்கு இந்தத் தெருவில் போகிறவர் வருகிறவரை எல்லாம் நிறுத்திச் சொல்வேன். அதை எனக்குத் தர மாட்டாயா? நீ உன் கையால் எழுது. "இல்லை" என்று ஒரே வார்த்தை. அதுவரை நான் இதை யாரிடமும் சொல்ல முடியாது.

அக்கா

*

டிசம்பர் 27

அன்புள்ள அக்காவுக்கு,

இல்லை.

எனக்கு இல்லை, பாப்பாவுக்கும் இல்லை. செப்டம்பர் பத்தொன்பதாம் தேதியே சொல்லிவிட்டார்கள். தெருவில் எல்லாரிடமும் சொல்லிக்கொள்.

ஜனவரி பதினெட்டாம் தேதி நான் அங்கே வருகிறேன், உன்னை அழைத்துப்போக. டாக்டர் வேண்டாம் என்றால் அங்கேயே ஒரு மாதம் இருக்கிறேன். லீவு கேட்டுவிட்டேன். நீ எதுவும் எடுத்துவைக்க வேண்டாம், நான் வந்து கட்டிக்கொள்கிறேன்.

நீ பொறாமைப்படுவாய் என்று நான் பயப்படவில்லை, அக்கா. எழுத முடியாமல் போனதற்குக் காரணம் வேறு. இதை நேரில் சொல்ல என்னால் ஆகாது, அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

டாக்டர் தாளைத் திருப்பிக் காட்டியதும் நான் சிரித்தேன். டீச்சரைக் கட்டிக்கொண்டு, வராந்தாவில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தேன். பாப்பாவை வாங்கி, பயமே இல்லாமல் தலைக்கு மேலே தூக்கினேன். திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அவளுக்குக் கடைகளைக் காட்டிக்கொண்டே வந்தேன், அவளுக்கு என்ன படிப்பு, எந்தப் பள்ளிக்கூடம் என்று என்னென்னவோ பேசினேன். நாலு ஸ்டாப் தாண்டியதும் டீச்சர் கேட்டாள், "அக்காகிட்ட எப்படிங்க சொல்லப்போறீங்க?"

அதுவரை, அந்த நாலு ஸ்டாப் வரை, உன் நினைவே எனக்கு வரவில்லை.

எறும்பு